யாழினி கொண்டுவந்த சத்தம்

கண்ணு,

போன் செய்தால் "ம்" என்கிறாய், இன்னொரு "ம்" என்கிறாய், அப்புறம் "சார்ஜ் இல்லம்மா" என்கிறாய். உன் போனில் சார்ஜ் இல்லாத நாளை நான் பார்த்ததே கிடையாது. அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் கட் பண்ண முடியாது பார். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் எழுதச் சொல்லிக் கொடுத்தே காலம் போய்விட்டது, சொந்த மகனுக்கு உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதியதில்லை. வருகிற மே மாதத்தோடு எனக்கு ஓய்வு. அதற்குள் இதைச் சொல்லிவிட வேண்டும். ஒன்றாம் தேதி நீ பெங்களூரில் அந்தத் துணிக்கடைக் கண்ணாடிகளுக்கு அலங்காரம் செய்கிற கம்பெனியில் சேரப் போகிறாய் என்று அப்பா சொன்னார். தாராளமாகச் சேர். நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் "இனிமே சின்னப் பசங்க இருக்கற பக்கமே தலவெச்சுப் படுக்க மாட்டேன்" என்று சொன்னாயாமே, அந்தப் பேச்சைக் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீ வந்ததிலிருந்தே தொடங்குகிறேன். பள்ளி திறந்த கையோடு சென்னையிலிருந்து இரண்டு பெட்டி ஒயரும் ஸ்பீக்கருமாக வந்து இறங்கினாய். "உங்க ஸ்கூல் பசங்களுக்கு ஒரு மாசம் சமகாலக் கலை சொல்லித் தரேம்மா" என்றாய். தலைமையாசிரியை மகன் இலவசமாக வந்து படம் வரையச் சொல்லித் தரப் போகிறான் என்று நான் பெருமையாக எல்லாரிடமும் சொல்லி வைத்தேன். எங்கள் பிள்ளைகள் வரைகிற படம் உனக்குத் தெரியும். இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், கீழே ஆறு, கரையில் ஓட்டு வீடு, பக்கத்தில் ஒரு தென்னை மரம். அதிகாரிகள் வந்தால் அதைத்தான் சுவரில் ஒட்டிக் காட்டுவேன். நீ ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "நடுவட்டத்துல தென்ன மரத்த எந்தப் பையன்மா பாத்தான்? மலைய எறங்கிப் பர்லியார் தாண்டிப் போனாத்தானே மரமே கண்ணுல படுது?" என்று கேட்டாய். எனக்குச் சுருக்கென்றது. அந்தத் தென்னை மரத்தைப் போர்டில் வரைந்து காட்டியது நான்தான்.

மறுநாள் மூன்றாம் வகுப்பு பெஞ்சைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டு, சுற்றிலும் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, "இது என்ன, சொல்லுங்க" என்றாய். "பெஞ்சுங்க சார்." "கவுந்த பெஞ்சுங்க சார்." நீ விடவில்லை, வேறே வேறே என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். கடைசியில் பின்வரிசையிலிருந்து யாழினி எழுந்தாள். தேயிலை எஸ்டேட்டின் லைன் வீட்டில் குடியிருந்து கொழுந்து பறிக்கிற செல்வியின் ஒரே மகள். கேட்ட கேள்விக்கு மேல் ஒரு வார்த்தை பேசி அவளை நான் பார்த்ததில்லை. "செத்துப்போன காட்டெருமைங்க சார். எங்க லைனுக்குக் கீழ ஓடையில இப்பிடித்தான் காலத் தூக்கிட்டுக் கெடந்துச்சு" என்றாள். வகுப்பே கொல்லென்று சிரித்தது. அப்புறம் சிரிப்பு தானாக அடங்கி, எல்லாரும் அந்த நாலு கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாசலில் நின்ற எனக்கும் ஒரு கணம் பெஞ்சு தெரியவில்லை. ஆனாலும் விட்டுக்கொடுப்பேனா? "வெளையாட்டு முடிஞ்சா பெஞ்ச நேரா போடு, வாய்ப்பாடு சொல்லோணும்" என்று சத்தம் போட்டுவிட்டுப் போனேன்.

அடுத்த வாரம்தான் அந்த வீட்டுப்பாடம் கொடுத்தாய். ஒரு சின்ன ரெக்கார்டரைக் காட்டி, நாளுக்கு ஒருவராக வீட்டுக்கு எடுத்துப் போய், உங்கள் வீட்டில் மட்டும் கேட்கிற ஒரு சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வாருங்கள் என்றாய். டிவி கூடாது, பாட்டு கூடாது, யாரும் உங்களுக்காகப் பேசிக் காட்டக் கூடாது. "இதெல்லாம் ஒரு கலையாடா? நாளைக்குப் பெத்தவிங்க வந்து கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்?" என்று கேட்டேன். நீ சிரித்தாய். ஆனால் பிள்ளைகள் அந்த ரெக்கார்டரைத் துணியில் சுற்றி, பாடப் புத்தகத்துக்குக் கூடக் காட்டாத மரியாதையோடு எடுத்துப் போனார்கள். மழைக்கு இடுப்பில் கட்டுகிற பிளாஸ்டிக் ஷீட்டை அம்மா உதறுகிற சத்தத்தை ஒருத்தன் கொண்டுவந்தான். ஸ்டார்ட் ஆகாத பைக்கை அப்பா உதைக்கிற சத்தம், கூடவே அவர் திட்டுவது. குக்கர் விசிலுக்கு நாய் ஊளையிடுவது. ஆசிரியர் அறையில் அதைக் கேட்டு நானும் சகாயமேரி டீச்சரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

யாழினி கொண்டுவந்தது எதுவென்று யாருக்கும் தெரியவில்லை. அவளும் சொல்லவில்லை. நீ ஊட்டியில் நம் காந்தல் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அதில் கலந்திருந்த மழைச் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கம்ப்யூட்டரில் எடுத்துக்கொண்டிருந்தாய். "என்ன சத்தம்டா அது?" என்று கேட்டதற்கு, "தெரியலம்மா. ஆனா செமையா இருக்கு. எல்லாத்துலயும் இதுதான் பெஸ்டு" என்றாய். கேள் என்று என் காதில் வைக்க வந்தாய். நான் அடுப்பில் ரசத்தை வைத்துவிட்டு நின்றேன், "போடா, உன்ர சத்தத்த நீயே கேட்டுக்க" என்று தள்ளிவிட்டேன். இதை மறந்துவிடாதே. நீ உன்னை மட்டும் திட்டிக்கொள்ளும்போது, உன் அம்மாவையும் அதில் சேர்த்துக்கொள்.

அந்தச் சத்தங்களை நீ கண்காட்சியாக வைத்த அன்றைக்கு விடாத மழை. ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டி, வகுப்பறையை இருட்டாக்கி, பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்த பாத்திரங்களுக்குள் ஸ்பீக்கரை ஒளித்து வைத்திருந்தாய். குடம், அண்டா, தூக்குப்போசி. குனிந்து பாத்திரத்துக்குள் காதை வைத்தால்தான் கேட்கும். ஒவ்வொரு பாத்திரத்துக்குப் பின்னாலும் ஒரு பிள்ளை வாயைத் திறக்காமல் நின்றது. வட்டாரக் கல்வி அலுவலர் வந்திருந்தார். எஸ்டேட் சூப்பர்வைசர் வந்திருந்தார். வேலை முடிந்து அம்மாக்கள் ஈரத் தலையோடு அப்படியே வந்திருந்தார்கள். நான் பயந்தது போல ஒருவரும் கேலி செய்யவில்லை. தன் வீட்டு பைக் அண்டாவுக்குள் உதைபடுவதைக் கேட்ட அந்த அப்பா வெட்கப்பட்டுக்கொண்டு மறுபடியும் குனிந்தார். நான் உன்னைப் பார்த்தேன். உன் முகத்தில் அப்படியொரு சந்தோஷம், பத்தாவது ரிசல்ட் வந்தபோது கூட நான் பார்க்காதது.

அதிகாரி யாழினியின் தூக்குப்போசியில் காதை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவேயில்லை. "பிரமாதம். என்னம்மா இது, தவளையா?" என்று கேட்டார். பேசக் கூடாது என்று நீ சொல்லியிருந்தாய். ஆனால் கேட்டது பெரிய ஆபீசர் ஆயிற்றே. "எங்க ஊட்டுப் பின்செவுருங்க சார்" என்றாள். "மழ பேஞ்சா பேசுமுங்க." அதிகாரி சிரித்தார். சிரித்தது அவர் மட்டும்தான். செல்வியைத் திரும்பிப் பார்த்தேன். அவளைச் சுற்றி நின்ற அந்த லைன் பொம்பளைகள் எல்லாரையும் பார்த்தேன். ஒருத்தி முகத்திலும் ஆச்சரியம் இல்லை. பயம்தான் இருந்தது.

நான் போய்க் குனிந்தேன். டொக்கென்று ஒன்று, இடைவெளி விட்டு இன்னொன்று. பிறகு நீளமாக ஒரு கிறீச்சல். அப்புறம் மண் பொலபொலவென்று உதிர்கிற மாதிரி. நீ மழையை வேறு எடுத்துவிட்டாயா, அவ்வளவு தெளிவாக இருந்தது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும், கண்ணு. நீ கைக்குழந்தை. உன்னை மடியில் போட்டுக்கொண்டு கூடலூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். வளைவில் டிரைவர் திடீரென்று இன்ஜினை நிறுத்தினார். "எல்லாரும் பேசாம இருங்க" என்றார். ரோட்டு மேல்புறத்து மண்ணைத் தாங்கி நின்ற கல்கட்டு இதே மாதிரிதான் டொக்கு டொக்கென்று பேசியது. பஸ்ஸைப் பின்னாலேயே எடுத்தார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுவர் வயிறு தள்ளி, ரோட்டில் கவிழ்ந்தது. உன்னை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்ததில் நீ அழ ஆரம்பித்துவிட்டாய். தூக்குப்போசியிலிருந்து நிமிர்ந்தபோது எனக்கு முதுகெல்லாம் வேர்த்திருந்தது.

அந்த லைன் ஜனங்கள் ஏன் இதை வெளியே சொல்லவில்லை என்று சென்னையில் இருக்கிறவர்கள் கேட்கலாம். நான் கேட்கமாட்டேன். மண்மேட்டுக்கு முதுகைக் கொடுத்து, ஒரே கூரைக்குக் கீழே ஒட்டி ஒட்டிக் கட்டிய லைன் அது. இடிகிற நிலையில் இருக்கிறது என்று எஸ்டேட்டுக்குத் தெரிந்தால் மொத்த லைனையும் காலி செய்யச் சொல்வார்கள். ஒரு குடும்பத்தை எஸ்டேட்டின் ஒரு மூலையில் இருக்கிற டிவிஷனுக்கு, இன்னொன்றை இன்னொரு டிவிஷனுக்கு என்று பிரித்துப் போடுவார்கள். வேலையிலிருந்து நின்றுபோன வயதானவர்களுக்கு இடமே கிடைக்காது. அதனால் விரிசலில் சிமெண்டைப் பூசி, அதன்மேல் சாமி காலண்டரை மாட்டி, பிள்ளைகளிடம் "வெளிய மூச்சு விடக்கூடாது" என்று சொல்லி வைத்திருந்தார்கள். யாழினி மூச்சு விடவில்லை. நீ கேட்டதைத்தான் கொண்டுவந்தாள். வீட்டில் மட்டும் கேட்கிற சத்தம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்கும் ஒரு கணக்கு ஓடியது. அந்த லைன் காலியானால் என் பள்ளியில் பாதிப் பிள்ளைகள் போய்விடுவார்கள், அப்புறம் பள்ளியையே பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். அதிகாரி சந்தோஷமாக இருக்கிறார், டீ குடிக்கவைத்து அனுப்பிவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. உன் அம்மா அப்படியும் நினைக்கக்கூடியவள். அதற்குள் போசிக்குள்ளிருந்து மறுபடி அந்தக் கிறீச்சல் வந்தது. எனக்குத் தாங்கவில்லை. ஸ்விட்ச்சை அணைத்துவிட்டு, வகுப்பில் கத்துகிற குரலில் சொல்லிவிட்டேன். "இன்னைக்கு யாரும் அந்த லைனுக்குப் போகக் கூடாது. செவுரு இடிஞ்சு வரப் போகுது."

அதற்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். சூப்பர்வைசருக்கும் அந்தச் சத்தம் முன்பே தெரிந்துதான் இருந்திருக்கிறது, ஆபீஸில் சொல்லவில்லை. சூப்பர்வைசர், "ஏனுங்க டீச்சர், பத்து வருசமா வர்ற சத்தமுங்க அது. மழ நின்னா நின்னுரும். எதுக்குங்க சனத்தக் கெளப்பி வுடறீங்க?" என்றார். அதிகாரி வாட்ச்சைப் பார்த்தார். பெண்கள் என்னைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார்கள். "ஊட்டு விசயத்த வெளிய கொட்டறதுக்குத்தான் பள்ளிக்கோடம் அனுப்பறமுங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். செல்வி முன்னால் வந்தாள். மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கேட்டுக்குப் பக்கத்தில் நின்று, எல்லார் கண்ணெதிரிலும், பளாரென்று ஓர் அறை விட்டாள். பிள்ளை அழவில்லை. திரும்பி உன்னைப் பார்த்தாள். நான் உன் பக்கத்தில்தான் நின்றேன். உனக்கு அடி விழுந்த மாதிரி நீ பின்னால் நகர்ந்தாய்.

வீட்டுக்கு வந்து நீ ஒயர்களைச் சுற்றிக்கொண்டே பேசினாய். "நான் கேட்டது ஒரு சத்தம்மா. அவ ஊட்டையே தூக்கிக் குடுத்துட்டா. நான் அத உக்காந்து அழகு பாத்துட்டிருந்திருக்கேன்." என்ன சொல்லித் தேற்றுவதென்று தெரியாமல் நான் கோபப்பட்டேன். எனக்குத் தெரிந்த வழி அதுதானே. "கலை கலைன்னு குதிச்சயே, பாத்தியா" என்று ஒரு வார்த்தை விட்டேன். கண்ணு, அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். விடிந்ததும் நீ கோயம்புத்தூர் பஸ் ஏறிவிட்டாய். சாப்பிடாமல் போனாய் என்று உன் அப்பா என்னோடு பேசாமல் இருந்தார்.

அன்றைக்கே தாலுகா ஆபீஸுக்குப் போன் செய்தேன். ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். எஸ்டேட் ஆபீஸுக்குப் போனேன், பார்க்கிறோம் என்றார்கள். யார் வந்தார்கள்? மழைதான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்புக் கொள்ளாமல் பள்ளிக்குப் போய் ஒரு வகுப்பறையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாருக்காக என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மத்தியானத்துக்கு மேல் கேட் திறக்கிற சத்தம். செல்வி வந்தாள். தலையில் ஒரு பாய், கையில் அரிசிப் பை, பின்னால் யாழினி. என் முகத்தைப் பார்க்காமல் பாயை இறக்கி வைத்தாள். அவளாகத்தான் சொன்னாள். "இத்தன வருசமா அந்தச் சத்தம் வர்றப்பல்லாம் நான் டிவிய ஜாஸ்தியா வெச்சுருவனுங்க டீச்சர். பாப்பா எல்லாருக்கும் கேக்க வெச்சுட்டா. நேத்து ராத்திரி டிவி போட்டும் எனக்கு அதுதான் கேக்குது. இனி எப்பிடிங்க கேக்காத மாதிரி இருக்கறது?"

அன்று சாயங்காலத்துக்குள் இன்னும் இரண்டு குடும்பம் வந்தது. திங்கட்கிழமை திட்டிக்கொண்டே மீதிப் பேர் வந்தார்கள். "ஒண்ணும் ஆகலீன்னா டீச்சரம்மா மூஞ்சிய எங்க வெச்சுக்குவாங்கன்னு பாக்கறோம்" என்று என் காது படவே பேசினார்கள். கண்ணு, அந்த இரண்டு நாள் நான் எதை வேண்டிக்கொண்டேன் என்று எனக்கே தெரியாது. சுவர் விழக் கூடாது என்று வேண்டினேனா, என் பேச்சு பொய்யாகக் கூடாது என்று வேண்டினேனா? செவ்வாய்க்கிழமை விடியற்காலை, அடுப்புப் பற்றவைக்கிற நேரத்தில், மேட்டு மண்ணோடு பின்சுவர் மொத்தமும் உள்ளே வந்தது. செல்வி வீட்டு அடுப்படி இருந்த இடத்தில் ஜன்னல் உயரத்துக்குச் சேறு. மாட்டியிருந்த காலண்டர் கூடக் கிடைக்கவில்லை. ஆள் ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

இதைப் போனில் சொன்னபோது "நல்லவேளம்மா" என்றாய். அப்புறம் அழுதாய். அப்புறமும், வரமாட்டேன் என்றாய். சத்தத்தை நூறு தடவை கேட்டும் இது என்ன என்று ஒரு தடவை அந்தப் பிள்ளையைச் சரியாகக் கேட்கவில்லையே என்பதுதான் உனக்குக் குத்துகிறது என்று எனக்குத் தெரியும். குத்தட்டும். அது நல்லதுதான். அடுத்த தடவை கேட்பாய். பிள்ளைகளிடம் எதையாவது கொண்டு வா என்று சொன்னால் அவர்கள் நமக்குப் பிடித்ததை மட்டும் எடுத்துக்கொண்டு வரமாட்டார்கள், இருப்பதை அப்படியே தூக்கிக்கொண்டு வருவார்கள். வாங்கி வைத்துக்கொள்ள நமக்குத் தெம்பு வேண்டும். எனக்கு அந்தத் தெம்பு இல்லாததால்தான் தென்னை மரம் வரையச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதை வரைந்தால் யாருக்கும் ஒரு தொல்லையும் கிடையாது பார். நீ தொல்லையை வாங்கினாய். பாதி வழியில் கீழே போட்டுவிட்டு ஓடுகிறாய், அதைத்தான் வேண்டாம் என்கிறேன். நாலைந்து பிள்ளைகள் டி.சி. வாங்கிக்கொண்டு வேறு டிவிஷனுக்குப் போய்விட்டார்கள். இன்னும் போவார்கள். பள்ளி என்னவாகும் என்று தெரியவில்லை. அதையெல்லாம் மறைத்து உன்னைக் கூப்பிடவில்லை. மீதி இருக்கிற பிள்ளைகள் "கலை சார் எப்ப வருவாருங்க" என்று தினமும் கேட்கிறார்கள். பெங்களூருக்கு நீ போ, சனி ஞாயிறாவது வா. வரமுடியாது என்றால் அதை நீயே வந்து அவர்களிடம் சொல்.

கடைசியாக ஒன்று. ரெக்கார்டிங் எல்லாவற்றையும் அழித்துவிட்டதாக அப்பாவிடம் சொன்னாயாம். அது பொய்யாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். செல்வி குடும்பம் இப்போது எஸ்டேட்டின் பழைய பிள்ளைக் காப்பகக் கட்டடத்தில் இருக்கிறது. நல்ல கெட்டியான சுவர், நானே தட்டிப் பார்த்தேன். போன வாரம் யாழினி வகுப்பில் தூங்கித் தூங்கி விழுந்தாள். கூப்பிட்டு விசாரித்தேன். "புது எடத்துல சத்தமே வர்றதில்லீங்க டீச்சர். எனக்குத் தூக்கமே வர மாட்டீங்குது. சாருகிட்ட எங்க ஊட்டுச் சத்தம் இருக்குதில்லீங்க, அத வாங்கித் தர்றீங்களா?" என்று கேட்டாள். எனக்கு நினைத்தாலே வேர்க்கிற சத்தம், கண்ணு. அதைக் கேட்டுத்தான் அவள் பிறந்ததிலிருந்து தூங்கியிருக்கிறாள். தருவதா, கூடாதா? எனக்குத் தெரியவில்லை. "சார் வந்ததும் கேக்கலாம் சாமி" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து தினமும் காலையில் நான் வருகிற பஸ் நிற்கும்போது அவள் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறாள். நான் மட்டும் இறங்குகிறேன். எனக்குப் பின்னால் இன்னும் யாராவது இறங்குகிறார்களா என்று பார்க்கிறாள். பஸ் கிளம்பின பிறகுதான் வகுப்புக்குப் போகிறாள்.

அம்மா